கரண்டியைக் கீழே வை

உருளைக்கிழங்கு வறுக்க எங்கள் வீட்டில் இன்று இல்லாத கருவி இல்லை. ஏர் ஃப்ரையர் இருக்கிறது. ஒட்டாத நான்ஸ்டிக் சட்டி இருக்கிறது. எண்ணெய் எத்தனை டிகிரி என்று சொல்லும் தெர்மாமீட்டர் இருக்கிறது. உப்பை நிறுக்கக்கூட ஒரு குட்டித் தராசு வாங்கியாகிவிட்டது. மகனின் கைபேசிக்குள் உலகத்துச் சமையல்காரர்கள் அத்தனை பேரும் குடியிருக்கிறார்கள். இவ்வளவும் சேர்ந்து சமீபகாலம்வரை எங்களுக்குத் தந்தது, ஓரம் கருகி நடு குழைந்த ஒரு மஞ்சள் வஸ்து. மரியாதைக்காக அதை வறுவல் என்று சொல்லிச் சாப்பிட்டு வந்தோம்.

காரமடையில் என் அம்மாவைப் பெற்ற அம்முச்சி வீட்டில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் அங்கே அரிசியும் பருப்பும் சாதத்தோடு வட்டலில் வந்து விழுந்த உருளைக்கிழங்கு வறுவல் ஒரு நாளும் சோடை போனதில்லை. வெளியே மொறுமொறுவென்று, உள்ளே மாவாக. இன்றும் உறவுக்காரர்கள் ஒன்றுகூடினால், "அந்தக் கைப்பக்குவம் யாருக்கு வரும்!" என்று பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்குப் போவார்கள்.

அந்தச் சமையல்கட்டில் புகை தின்று வளர்ந்தவன் என்ற முறையில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அம்முச்சி அந்த வறுவலைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அதனால்தான் அது அப்படி வந்தது.

கிழங்கிலிருந்தே தொடங்கலாம். காரமடைக்குப் பக்கத்து ஊர் மேட்டுப்பாளையம். நீலகிரியில் தோண்டிய கிழங்கெல்லாம் செம்மண் அப்பிய கோலத்தோடு மலையிறங்கி, அங்கேயுள்ள மண்டிகளில்தான் ஏலத்துக்கு நிற்கும். பெரிது, நடுத்தரம், பொடி என்று தரம் பிரிப்பார்கள். பெரியதெல்லாம் சென்னைக்கும் கேரளத்துக்கும் லாரி ஏறிவிடும். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதான பொடிக்கிழங்கைச் சீந்த ஆள் இருக்காது. அப்புச்சி அதைத்தான் மலிவாக மூட்டை கட்டிக்கொண்டு வருவார். வீட்டில் அத்தனை வாய். ருசி பார்த்து வாங்கவில்லை, விலை பார்த்து வாங்கினார்.

இன்று அதே பொடிக்கிழங்கு 'பேபி பொட்டேட்டோ' என்ற பெயரில், கழுவித் துடைத்து, வலைப்பைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அம்மா கிழங்கைவிடக் குழந்தைக்கு விலை கூடுதல்.

இந்தக் கிழங்கின் வம்சாவளியும் வேடிக்கைதான். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் பிறந்து, போர்த்துக்கீசியர் வழியாக நம் மேற்குக் கரைக்கு வந்தது. நீலகிரியில் அதை ஊன்றிய புண்ணியம் 1820களில் கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவனைச் சேரும். மலையில் இன்று பலரும் அறிந்த குஃப்ரி ஜோதி ரகம் 1968இல் வெளிவந்தது. பெயரின் முன்பாதி சிம்லா பக்கத்து ஊர். வெள்ளைக்காரன் கொண்டுவந்த காய் என்று திதிச் சமையலில் இதைச் சேர்க்காத வீடுகள் அன்று எத்தனையோ. இன்று ஓட்டல் பட்டியலில் 'பாரம்பரிய உருளை ரோஸ்ட்' என்று அச்சடித்திருக்கிறார்கள். கிழங்கு கொஞ்சம் பொறுமையாகக் கிடந்தால் பாரம்பரியமாகிவிடுகிறது.

மூட்டை வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில் போகும். சாக்கை விரித்துப் பரப்பிவிடுவார்கள். அங்கே இருட்டு, காற்றோட்டம், சுமாரான குளிர்ச்சி. இன்று வேளாண் புத்தகங்கள் கிழங்கை எப்படிச் சேமிக்கச் சொல்கின்றனவோ அச்சு அசல் அப்படியே. வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையாகும், சோலனைன் என்ற நச்சு கூடும் என்பதெல்லாம் அங்கே யாருக்கும் தெரியாது. நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் போக வீட்டில் மிஞ்சிய இடம் கட்டிலடி மட்டும்தான். அவ்வளவுதான் காரணம்.

நாங்களோ கிழங்கைத் தங்கமாக மதித்து ஃப்ரிட்ஜில் வைக்கிறோம். அந்தக் குளிரில் கிழங்கிலுள்ள மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாகிறது. சர்க்கரை ஏறிய கிழங்கு சட்டியில் விழுந்ததும், உள்ளே சூடு போகும் முன்பே வெளியே கருக்கும். நாக்கில் ஓர் அசட்டுத் தித்திப்பும் தங்கும். அப்படிக் கருத்துப் பொரிந்த மாவுப் பண்டங்களில் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது என்று 2002இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள். குளிர்பதனக் கிடங்கில் கிடந்து வரும் கிழங்கிலும் இந்தச் சர்க்கரை ஏறியிருக்கலாம். பரிகாரம் சுலபம்: ஓரிரு வாரம் வெளியே இருட்டில் பரப்பி வைத்தால் சர்க்கரையில் ஒரு பங்கு மறுபடி மாவாகிவிடும். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கட்டிலுக்கு அடியில் இழுப்பறை இருக்கிறது. அதற்குள் போன வருடத்துத் தீபாவளிப் போர்வைகள் இருக்கின்றன.

அடுத்தது வேகவைப்பது. பெரிய அடுப்பு ஓய்வாகக் கிடைப்பது விடியற்காலையில்தான். அம்முச்சி பெரிய போசியில் கிழங்கைக் கொட்டி, பச்சைத் தண்ணீர் ஊற்றி, ஒரு கை உப்பை அள்ளிப் போட்டு ஏற்றிவிடுவார். தண்ணீர் கொதிக்கட்டும், பிறகு போடலாம் என்று காத்து நிற்க நேரம் ஏது? பச்சைத் தண்ணீரிலேயே போட்டால்தான் கிழங்கின் உள்ளும் புறமும் ஒரே சீராக வேகும். கொதிநீரில் போட்டால் நடு வேகும் முன் மேல்பாகம் கரைந்துவிடும். அந்த உப்பும் உள்ளே ஊறிவிடும். பிற்பாடு மேலே தூவும் உப்பு அந்த ருசியைத் தராது.

வெந்ததை மூங்கில் கூடையில் வடித்துக் கொட்டிவிட்டு எருமைக்குத் தீனி வைக்கப் போய்விடுவார். பிறகு பால், தயிர் கடைவது, தோட்டத்து ஆட்களுக்குக் காப்பி. கிழங்கு கூடையில் ஆறிக் கிடக்கும். உச்சிப்பொழுது நெருங்கும்போதுதான் யாருக்காவது அதன் ஞாபகம் வரும்.

அந்த மறதிதான் சமையலின் பாதி. வெந்த கிழங்கின் மேல் ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. தாண்டப் பார்த்தால் தண்ணீர் ஆவியாகி அந்தச் சூட்டைத் தின்றுவிடும். பொன்னிறமும் வறுத்த வாசனையும் வருவதற்கோ 140 டிகிரி அளவாவது வேண்டும். அந்த நிறமும் மணமும் பிறக்கிற ரசாயனத்தை 1912இல் விளக்கியவர் பிரான்சு நாட்டு லூயி கமீய் மயார். இன்றும் அவர் பெயரில்தான் அது வழங்குகிறது. ஆக, உலர்ந்த கிழங்கு சட்டியில் விழுந்தவுடன் வறுபடத் தொடங்கும். ஈரக் கிழங்கு முதலில் தன் தண்ணீரோடு மல்லுக்கட்டும். அதோடு, ஆறிய கிழங்கில் மாவுச்சத்து இறுகியிருக்கும். வெட்டினாலும் புரட்டினாலும் உடையாது.

இப்போது குக்கர். இந்தியாவில் அது 1959 முதல் தயாராகிறது. அம்முச்சி வீட்டு வாசற்படியை மட்டும் ஏறவில்லை. எங்கள் வீட்டில் உருளைக்கிழங்குக்கு எத்தனை விசில் என்பது தீராத வழக்கு. மனைவி ஒன்று என்கிறாள், மகன் இரண்டு என்கிறான், மருமகள் தணலைக் குறைத்து ஒன்றரை என்கிறாள். அரை விசில் எப்படிக் கேட்கும் என்று நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. திறந்தவுடன் ஆவி பறக்கப் பறக்க உரித்து, கை சுட்டு, அப்படியே சட்டியில் போடுவோம். பசி.

உரிப்பது அன்று எங்கள் வேலை, பொடிசுகளின் வேலை. கூடையைச் சுற்றி உட்கார்ந்து, நகத்தால் பிறாண்டி, பாதித் தோலோடு சதையையும் பிய்த்து, மேலெல்லாம் காயமாக்கித்தான் கொடுப்போம். "உரிக்கச் சொன்னா குதறி வெச்சிருக்கீங்களே சாமி!" என்பார் அம்முச்சி. வைதாலும் அதையேதான் போடுவார், வேறு வழி?

அந்தக் காயங்களுக்கு இன்று பெரிய மதிப்பு. இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு உருளைக்கிழங்கு வறுப்பவர்கள், முக்கால் வேக்காடு வெந்த கிழங்கைத் தண்ணீர் வடித்துவிட்டு அதே பாத்திரத்தில் மூடி போட்டுக் குலுக்குவார்கள். ஓரங்கள் சிராய்ந்து பூப்பூவாக வரவேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் குலுக்கல். பிறகு கொதிக்கும் கொழுப்பில் புரட்டி ஓவனில் வைப்பார்கள். சிராய்த்த மேல்பரப்பில்தான் எண்ணெய் பிடித்து மொறுமொறுப்பு ஏறும். வேகும் தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டால் மேல்மாவு இன்னும் நன்றாக இளகும் என்று மகன் எங்கோ பார்த்துவிட்டு வந்து சொன்னான், அதுவும் உண்மையே. புளியோ தக்காளியோ போட்டால் நேர் எதிர்: கிழங்கு விறைத்துக்கொண்டு நிற்கும். நாங்கள் பீலர் வைத்து வழவழவென்று சீவி, சதுரம் சதுரமாக நறுக்குகிறோம். படம் எடுக்க நன்றாக இருக்கிறது.

இனி அடுப்பு. மண்ணால் பூசிய அந்த அடுப்புக்கு இரண்டு வாய். விறகு எரிவது பெரிய வாயில். அதன் பின்பக்கத்துத் துளை வழியாக மிச்சத் தீயும் அனலும் போய்ச் சேருவது கொடி அடுப்புக்கு. சோறும் குழம்பும் பெரிய அடுப்பின் சொத்து. கொடி அடுப்பில் வெந்நீர் காயும், பால் கிடக்கும், அவசரமில்லாதது எல்லாம் ஒதுங்கும். வறுவலுக்கும் அங்கேதான் இடம். கனத்த இரும்பு வடைச்சட்டி, அதில் கரண்டிக் கணக்கில் கடலை எண்ணெய், ஒரே அடுக்காகக் கிழங்கு. ஒரே அடுக்கு என்பது ஒழுங்குக்காக வந்ததில்லை, ஆளுக்கு நாலு கிழங்குக்கு மேல் அன்றைக்குக் கணக்கு கிடையாது. எண்ணெய் குறைவு என்பதும் சிக்கனம்தான், ஆரோக்கியம் பற்றி யாரும் பேசியதாக நினைவில்லை. சட்டியை மூடும் வழக்கமும் இல்லை. வீட்டிலிருந்த மூடி சோற்றுப் போசியின் மேல் இருக்கும். மூடாததால் ஆவி ஊருக்குப் போனது, வறுவல் சட்டியில் நின்றது.

இன்றைய நான்ஸ்டிக் சட்டியின் கதை இந்த இடத்துக்குப் பொருத்தமானது. 1938இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்பவர் ஒரு சிலிண்டரில் வாயுவை அடைத்து வைத்திருந்தார். திறந்தால் வாயு வரவில்லை. எடை மட்டும் அப்படியே இருந்தது. அறுத்துப் பார்த்தபோது உள்ளே வெள்ளைத் தூள். சும்மா கிடந்த வாயு தானாகவே டெஃப்லானாக மாறியிருந்தது. கவனிக்காமல் விட்டதால் பிறந்த பொருளை வைத்து, ஒரு நிமிடம்கூடக் கவனிக்காமல் விடமுடியாத சமையலை நாங்கள் செய்கிறோம். அது காலியாகக் காய்ந்தால் கெடும், அதிகம் சூடேறினால் கெடும், இரும்புக் கரண்டி பட்டால் கெடும். எண்ணெயும் அதில் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். ஆகவே பக்கத்திலேயே நிற்கவேண்டும். நிற்பவன் கையில் ஒரு மரக்கரண்டி இருக்கும். கரண்டி இருந்தால் கை சும்மா இருக்காது.

வறுவல் கெடுவது இந்த இடத்தில்தான். சூடான இரும்பில் விழுந்த கிழங்கு முதலில் ஒட்டும். தொட்ட பக்கம் காய்ந்து, பொருக்குக் கட்டியதும் தானாகவே விட்டுக்கொடுக்கும். அதற்குள் கரண்டியை விட்டுப் பெயர்த்தால் பொருக்கு சட்டியோடு போய்விடும், தோலிழந்த கிழங்கு கையோடு வரும். கொஞ்ச நேரத்தில் மறுபடி பெயர்ப்போம். கடைசியில் எல்லாம் சேர்ந்து கூட்டாகும். இரக்கப்பட்டுக் கிளறியவர்களால் கெட்ட வறுவல் அதிகம், மறந்தவர்களால் கெட்டது குறைவு.

அம்முச்சிக்குக் கிளற நேரம் இருந்ததில்லை. சோறு வடிக்க வேண்டும். அம்மியில் சட்னி பாதியில் நிற்கும். வாசலில் ஒரம்பரை வந்து உட்கார்ந்திருக்கும். தொழுவத்தில் கன்று அவிழ்த்துக்கொண்டிருக்கும். இவ்வளவுக்கும் நடுவே கொடி அடுப்புப் பக்கம் போக நேர்ந்தால், தோசைத்திருப்பியால் கிழங்கை ஒரு புரட்டு. மறுபடி போனால் இன்னொரு புரட்டு. கடைசியில் கிழங்கைக் கரையொதுக்கி, நடுவில் கடுகும் கறிவேப்பிலையும் நசுக்கிய பூண்டும் போட்டு, மிளகாய்த் தூளைத் தூவி இறக்குவார். தூள் முதலிலேயே விழுந்தால் கருகிக் காறும். கடைசியில் போட்டது அதற்காக என்று நாம் வியக்கலாம். தூள் டப்பா இருந்த மாடத்துக்குக் கடைசியில்தான் அவர் கை எட்டியது. "எப்படி அம்முச்சி செஞ்சீங்க?" என்று பட்டணத்து அத்தை ஒருமுறை நோட்டும் பேனாவுமாகக் கேட்டபோது கிடைத்த செய்முறை முழுவதும் இவ்வளவுதான்: "அதென்ன கண்ணு, அதும்பாட்டுக்குக் கெடந்துச்சு, வெந்துச்சு."

இதைக் கேட்டு, ஆகா பழங்காலத்து ஞானம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அந்த ஞானத்துக்கு விலை கொடுத்தது ஒரே ஆள். எல்லோருக்கும் பரிமாறிய பிறகு, அந்த வடைச்சட்டியில் ஒரு பிடி சோற்றைப் போட்டு, அடியில் பிடித்த காந்தலையும் எண்ணெயையும் துடைத்து உருட்டிச் சாப்பிடுவார். வறுவலில் அவர் பங்கு அது. இன்று எங்கள் வீட்டில் அந்தச் சட்டிச்சோற்றுக்குத்தான் அடிதடி. அன்றைக்கு அதை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு எழுந்தவர்கள் நாங்கள்.

இப்போது காலம் மாறிவிட்டது, ஆண்களும் சமைக்கிறோம். அதாவது வறுவல் மட்டும் சமைக்கிறோம். சோறு, சாம்பார், ரசம், பொரியல், மோர் எல்லாம் எப்படியோ தானாக நடந்துவிடும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஏப்ரன் கட்டிக்கொண்டு ஒரே ஒரு சட்டியின் முன்னால் காவல் நிற்போம். மகனுக்கு ஏர் ஃப்ரையர். 2010இல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகமான அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு சுருளும் ஒரு விசிறியும். சுழலும் சூடான காற்று ஈரத்தை அடித்துக்கொண்டு போவதால் கொஞ்ச எண்ணெயிலேயே கிழங்கு சிவக்கிறது. ஒழுங்காக விட்டால் நன்றாகவே வறுக்கும். விட வேண்டுமே! அவன் நொடிக்கொரு தரம் இழுப்பறையை இழுத்துப் பார்க்கிறான். இழுக்கும்போதெல்லாம் சூடு வெளியே வந்து எங்கள் முகத்தை வறுக்கிறது.

எங்கள் வீட்டு வறுவல் திருந்திய கதையையும் சொல்லிவிடுகிறேன். மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்னறிவிப்பில்லாமல் சம்பந்தி வீட்டார் சாப்பிட வந்துவிட்டார்கள். மொத்தச் சமையலும் என் தலையில். கிழங்கைக் காலையிலேயே வேகவைத்து முறத்தில் கொட்டியதோடு சரி, கடைக்கு ஓடினேன். வந்து அடுப்பில் பருப்பு, குக்கரில் சோறு, பழைய இரும்புச் சட்டியில் கிழங்கு. ரசத்துக்குப் புளி கரைக்கும்போது பருப்பு பொங்கியது. துடைத்துக்கொண்டிருக்கும்போது வாசல்மணி. வந்தவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மகனைத் தேடி, பிறகுதான் கிழங்கு என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வந்தது. போய்ப் புரட்டினால், ஒவ்வொன்றும் பொன்னிறத் தொப்பியோடு கழன்று வந்தது. சம்பந்தியம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டு, "மாப்பிள்ளை வீட்டுல இத்தனை நாளா இதை ஏன் கண்ணுல காட்டலை?" என்றார்.

செய்முறை வேண்டுவோருக்கு: அரை கிலோ பொடிக்கிழங்கு; பச்சைத் தண்ணீரில் தாராளமாக உப்பு போட்டு, கத்தி லேசான தடையோடு இறங்கும்வரை வேகவையுங்கள். வடித்து, ஒரு மணி நேரமாவது பரப்பி ஆறவிடுங்கள். உரிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பெரிய இரும்புச் சட்டியில் மூன்று மேசைக்கரண்டிக் கடலை எண்ணெயைக் காயவைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கிழங்கைப் பரப்பி, மஞ்சள் தூளும் ஒரு தேக்கரண்டி அரிசி மாவும் தூவுங்கள்; மிஞ்சிய ஈரத்தை மாவு குடித்துக்கொள்ளும். மிதமான தீ. மூடாதீர்கள். எட்டு பத்து நிமிடம் தொடாதீர்கள். புரட்டி மறுபடி விட்டுவிடுங்கள். அரை மணியில் எல்லாப் பக்கமும் சிவந்துவிடும். கடைசி ஐந்து நிமிடத்தில் தாளிப்பு, பெருங்காயம், மிளகாய்த் தூள்.

இதில் ஆகக் கடினமான சரக்கு 'தொடாதீர்கள்' என்பதுதான். அதை வைராக்கியத்தால் சாதிக்க முடியாது. கையில் வேறு நாலு வேலை இருந்தால் மட்டுமே முடியும்.

இந்த ஆராய்ச்சி முடிவை ஊரிலிருந்து திரும்பிய மனைவியிடம் மிகுந்த உற்சாகத்தோடு விளக்கினேன். முழுக்கக் கேட்டாள். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டு, "அப்படின்னா ஞாயித்துக்கெழமை மொத்தச் சமையலையும் நீங்களே பார்த்துக்குங்க. வறுவல் நல்லா வரணுமில்ல?" என்றாள்.

வறுவல் நன்றாகவே வருகிறது. ரசத்தைப் பற்றி என்னை யாரும் எழுதச் சொல்லவில்லை.